கோபுர அறையின் நாற்பத்தொரு கோடுகள்

"ஐயோ... தொடாதீங்க!"

பதற்றத்தில் அம்ருதாவின் வாயில் வந்தது தமிழ்தான். கனடாவின் மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதி நூலகத்தின் வாசலில் விழுந்து கிடந்துகொண்டு தமிழில் கத்தினால் யாருக்குப் புரியும் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. வெளியே ஏப்ரல் மாதத்து ஐஸ் மழை. உள்ளே, அப்போதுதான் துடைத்த தரை முழுக்க அவளுடைய ஸ்லைடு படங்கள். ஒன்றா இரண்டா... எண்பது! இன்னும் முக்கால் மணி நேரத்தில் கீழ் ஹாலில் அவள் பேச வேண்டும். போதாக்குறைக்கு, தரை துடைத்துக்கொண்டிருந்தவன் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்திருந்தான்.

"ஓரத்திலதான் பிடிக்கிறன். பயப்பிடாதேங்கோ."

அம்ருதா நிமிர்ந்தாள். தமிழ்! மாநிறம். இருபத்தொன்பது, முப்பது வயதிருக்கும். கண்கள்... அந்தக் கண்களைப் பற்றிப் பிறகு பார்ப்போம். இப்போது அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"தரை ஈரம்னு ஒரு போர்டு வைக்கக் கூடாதா?"

"வச்சனான். நீங்கள் தடக்குப்பட்டு விழுந்ததே அந்தப் போர்டிலதான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் போர்டு அவள் காலடியிலேயே குப்புறக் கிடந்தது. காது மடல் வரை சூடேறிற்று.  அவளும் படங்களைப் பொறுக்கினாள்.

அவன் ஒரு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"இது... எங்க எடுத்த படம்?"

"ஹோல்ம்பெக். ஜெர்மனியில ஒரு சின்ன ஊர். சொன்னா உங்களுக்குத் தெரியாது."

அவன் படத்தை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதைச் சட்டத்துக்க மாறிப் போட்டிருக்கிறியள். ஜன்னல் இந்தப் பக்கம் வராது. படியால ஏறி வந்தா, இடக்கைப் பக்கம்."

அம்ருதாவுக்குச் சுருக்கென்றது. அந்தக் கடைசி ஆறு படங்களை ஃபிலிமிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டது அவளேதான். ஒரு வருஷமாக அந்தத் தேவாலயத்தோடு குடும்பம் நடத்துகிறவள் அவள்... கையில் துடைப்பத்தோடு நிற்கிறவன் வந்து ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்வதா?

"உங்க வேலையைப் பாருங்க, ப்ளீஸ்" என்று படத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்ர அடுத்த வேலை உங்களுக்குப் புரொஜக்டர் போடுறதுதான்" என்றான் அவன், சிரிக்காமல்.

அவன் பெயர் நகுலேஸ்வரன். யாழ்ப்பாணத்துக்காரன். எட்டு வருஷத்துக்கு முன் ஊரை விட்டுப் புறப்பட்டு, மொன்றியலுக்கு வந்து ஆறு வருஷம். நூலகத்தின் பராமரிப்பு வேலை, ஹாலின் சாவி, புரொஜக்டர் எல்லாம் அவன் பொறுப்பு. அம்ருதாவோ வசதியான கர்க்லாண்ட் புறநகரில் சொந்த வீட்டில் வளர்ந்தவள். அப்பா ஜம்புநாதன் இஞ்சினியர். தமிழ் பேசுவாள்... எழுதப் படிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பதில் பியானோ வகுப்புக்குப் போன பிள்ளை. கட்டடக்கலை வரலாற்றில் முதுகலை முடிக்கப் போகிறாள்.

இரண்டு மணிக்கு ஹாலில் நாற்பது பேர். விளக்கை அணைத்தான் நகுலேஸ். திரையில் சிவப்பாக எழுந்து நின்றது ஹோல்ம்பெக் தேவாலயம்.

இதைச் சொல்லியே ஆக வேண்டும்... அம்ருதா அழகாகப் பேசினாள். அந்த நாட்டில் கருங்கல் கிடையாது என்றாள். ஆயிரத்து இருநூற்று நாற்பதுகளில் ஓடைக்கரைக் களிமண்ணை மிதித்து, அச்சில் வார்த்து, வயலில் காய வைத்துச் சுட்டுத்தான் அந்தச் சிறிய ஊர் இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டியது என்றாள். ஈரச் செங்கல்லில் நாய் ஓடிய தடம் ஒரு படத்தில். இன்னொன்றில், காயுமுன் பெய்த மழையின் துளித் தழும்புகள். எழுநூறு வருஷத்துக்கு முன் பெய்த மழை! ஹாலில் "ஆ..." என்று ஒரு மூச்சு எழுந்தது. மின்னல் விழுந்து கோபுரம் எரிந்தது, சுவர்ச் சித்திரங்களைச் சுண்ணாம்பு பூசி மறைத்தது, போர்வீரர்கள் உள்ளே குதிரை கட்டியது... ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் கோபுர அறைக்கு ஏறினாள்.

"இதற்காகத்தான் உங்களை அழைத்தேன்" என்றாள் ஆங்கிலத்தில். பொத்தானை அழுத்தினாள்.

ஒற்றைச் செங்கல். அதில் ஆணியால் கீறிய ஒரு கொக்கிச் சுழி. கீழே, ஐந்தைந்தாகக் கோடுகள்.

"நாற்பத்தொரு கோடுகள். இதுவரை யாரும் இதை விளக்கவில்லை. மேலே இருப்பது செங்கல் சுட்டவனின் குறி. கீழே அவன் போட்ட கணக்கு. நாற்பத்தொரு சூளைச் செங்கல். பெயர் எழுதத் தெரியாத ஒரு தொழிலாளி... எனக்கு அவன் முகம் தெரியாது. ஆனால் அவன் கையைத் தெரியும். ஒரு வருஷமாக அந்தக் கையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

புரொஜக்டர் அருகே நின்ற நகுலேஸ் தன் கைகளைப் பார்த்தான். கைகளை மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

முன்வரிசைப் பாட்டியொருத்தி கேட்டாள். "நீங்கள் நேரில் பார்த்தீர்களா, அம்மா?"

அம்ருதா ஒரு கணம் தயங்கினாள். ஒரே ஒரு கணம்.

"பார்த்தேன். படியேறும்போதே வலப்பக்க ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்..."

"மன்னிக்கவேணும்..." நகுலேஸின் குரல், பிரெஞ்சில், அவனையறியாமலே வந்துவிட்டது. "ஜன்னல் இடப்பக்கம் அல்லவா?"

நாற்பது தலைகளும் திரும்பின. அம்ருதாவுக்கு முகம் வெளுத்துப் பிறகு சிவந்தது.

"அவர் புரொஜக்டரைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்றாள் புன்னகையோடு. "ஜெர்மனியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் தலை குனிந்தான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் அவளுக்குத் தன் வாயை யாராவது தைத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. கைதட்டல் ஓயுமுன்பே பெட்டியை அள்ளிக்கொண்டு ஓடினாள். குடையைக்கூட மறந்துவிட்டாள்.

ஞாயிறு முழுக்க அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் கேட்டது. சே... என்ன பேச்சு அது! அப்பாவின் நண்பர்கள் விருந்துகளில் 'அந்த அகதி ஜனங்கள்' என்று பேசும்போது முகம் சுளிப்பவள்தானே அவள்? அதே குரல் தன் தொண்டையிலும் இருக்கிறதா? நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

திங்கட்கிழமை நூலகத்துக்குப் போனபோது, குடை விரித்தபடி காய்ந்துகொண்டிருந்தது.

"எடுத்து வச்சனான்" என்றான் நகுலேஸ். "வருவியள் எண்டு தெரியும். நல்ல குடை."

"குடைக்கு வரலை." ஒத்திகை பார்த்து வந்த வாக்கியங்களெல்லாம் எங்கே போயினவோ! "சனிக்கிழமை நான் பேசினது ரொம்பத் தப்பு. எல்லார் முன்னாடியும்... எனக்கு வெட்கமா இருக்கு."

"அது பரவாயில்லை. நானும் கேட்டிருக்கக் கூடாது."

"இல்ல, நீங்க கேட்டது சரி. நான் அங்க போனதே இல்ல." அப்பாடா... வந்துவிட்டது! "படங்கள் அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்துல அனுப்பினது. அந்தப் பாட்டி கேட்டதும் என்னமோ வாய் தானா பொய் சொல்லிடுச்சு. ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும், ஜன்னல் இடப்பக்கம்னு?"

அப்போதுதான் அவள் அவன் கண்களைச் சரியாகப் பார்த்தாள். எதையும் கேட்காத கண்கள். பார்த்தால் நமக்கே ஏதாவது சொல்லிவிட வேண்டும் போலிருக்கும்... அப்படிப்பட்ட கண்கள்.

"அந்த அறையிலதான் நான் இருந்தனான்" என்றான்.

பக்கத்து டெப்பனர் பெட்டிக்கடையில் வாங்கிய காப்பியோடு வாசல் படியில் உட்கார்ந்து சொன்னான். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறு, குளிர்காலம். திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று கடிதம் வந்த ஏழு பேர். ஊர்ப் பாதிரியார் அவர்களைத் தேவாலயத்துக்குள் அழைத்து வைத்துக்கொண்டார். உள்ளே இருக்கும்வரை பொலிஸ் தொடாது. மணியடிக்கும் கிழவர் தினமும் மனைவி சமைத்த உருளைக்கிழங்கு சூப்பைக் கொண்டுவந்து தருவார். கோயிலைக் கூட்டுவது நகுலேஸின் வேலை. அவனாகக் கேட்டு வாங்கிய வேலை.

"அந்தக் கிழவர் எனக்கு ஒவ்வொரு கல்லாக் காட்டுவார். நாய்க் காலடி, மழைத்துளி எல்லாம் நான் தொட்டுப் பாத்திருக்கிறன். இந்தச் சுவரில நாங்கள் ஏணிகூடச் சாத்திறேல்லை எண்டு சொல்லுவார்."

"அப்போ அந்தக் குறியையும் பாத்திருப்பீங்களே!" அவள் முகம் மலர்ந்தது.

அவன் காப்பிக் கோப்பையைப் பார்த்தான்.

"ஓம்... பாத்திருக்கிறன்."

"அதை வச்சுதான் எனக்கு மேல படிக்க இடமே கிடைக்கப் போகுது, தெரியுமா? ஜூன் மாசம் கட்டுரை அச்சாகுது. அந்த ஆறு படத்தையும் சரி பண்ணித் தருவீங்களா?"

அன்றைக்கே சரி பண்ணிக் கொடுத்தான். ஃபிலிமின் மங்கலான பக்கம் திரையைப் பார்க்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்து, ஐந்து படங்களைச் சட்டத்திலிருந்து எடுத்துத் திருப்பினான். ஆறாவது படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தான்.

"இது... இது சரியாத்தான் இருக்கு" என்று அப்படியே திருப்பிக் கொடுத்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்களும் அம்ருதாவுக்கு நோத்ர-டாம்-த-கிரேஸில் ஏதாவது வேலை இருந்தது. கர்க்லாண்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பஸ்... அதெல்லாம் ஒரு தூரமா என்ன?

"உங்கட பல்கலைக்கழக நூலகத்தில புத்தகமே இல்லையோ?" என்பான் அவன்.

"இருக்கு. ஆனா அங்க காப்பி வாங்கிக் கொடுக்க ஆள் இல்ல."

"வாங்கிக் குடுக்கிறது சரி. போன கிழமை பேந்து தாறன் எண்டு சொன்ன அந்த பிஸ்கட் எங்க?"

"பேந்துன்னா என்ன?"

"பிறகு. அப்புறம். உங்கட தமிழில என்னவோ அது."

"எனக்குத் தமிழே அரைகுறை. இதுல உங்க தமிழ் வேறயா..." என்று அவள் சிரிப்பாள். அவனும் சிரிப்பான். மழை வரும். குடை ஒன்றுதான் இருக்கும். தோளும் தோளும் படாமல் நடக்க இருவரும் படும் பாடு இருக்கிறதே... பாவம்!

ஒருநாள் பேச்சுவாக்கில் அவள் சொன்னாள். "சிரிக்கக் கூடாது. அந்தக் கோடு போட்ட ஆளை எனக்கு ஒரு தடவை பாக்கணும். எழுநூறு வருஷம் லேட்டாப் பொறந்துட்டேன். அவன் கையைப் பிடிச்சு, வலிச்சுதான்னு கேக்கணும்."

அவன் சிரிக்கவில்லை. அடுத்த திங்கள் அவன் வாசலுக்கு வரவில்லை. அதற்கடுத்த திங்களும் வரவில்லை. கேட்டால், மேல் மாடியில் வேலை என்றார்கள்.

இவ்வளவு திமிரா இவனுக்கு? தரை துடைப்பவனுக்கு... என்று பாதி நினைத்த மாத்திரத்தில், அம்ருதா பஸ்ஸிலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மறுபடியும் அதே குரல்! தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. மறுநாளே கட்டுரையின் அச்சுப்படியை எடுத்துக்கொண்டு நேரே மாடிக்கு ஏறிவிட்டாள்.

"முதல் ஆளா நீங்கதான் பாக்கணும்னு கொண்டு வந்தேன். ஏன் ஒளியறீங்க? நான் என்ன பண்ணேன்?"

நகுலேஸ் அச்சுப்படியைப் பார்த்தான். முதல் பக்கத்திலேயே அந்தக் குறி, பெரிதாக.

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. நான்தான் செய்தனான். கீழ வாங்கோ."

காலியான ஹாலில் திரையை இறக்கினான். ஆறாவது படத்தைக் கேட்டு வாங்கினான்.  சட்டத்தைப் பிரித்து, படத்தைத் திருப்பி வைத்து, விளக்கைப் போட்டான்.

திரையில் அந்தக் கொக்கி மறுபக்கம் திரும்பி நின்றது. உ.

எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் அது தெரிந்தது. பிள்ளையார் சுழி! அம்மா எழுதும் ஒவ்வொரு காகிதத்தின் தலையிலும் பிறந்ததிலிருந்து பார்த்த சுழி. அதையா... அதையா அவள் எழுநூறு வருஷத்துக்கு முந்திய ஜெர்மன்காரனிடம் கொடுத்துவிட்டாள்?

"நாற்பத்தொரு நாள் அம்ருதா. ஒரு நாளைக்கு ஒரு கோடு. ஒரு ஆணி கிடந்தது. என்ன வரும் எண்டு தெரியாம இருக்கேக்க, கை சும்மா இருக்குதில்லை. எங்களுக்குச் சோறு போட்ட சனத்தின்ர கோயில்ல... ஏணிகூடச் சாத்தாத சுவரில நான் கீறிப்போட்டு வந்திட்டன். கீறினதை அந்தக் கிழவருக்குச் சொல்லாமலே வந்தனான். எட்டு வருஷமா வெக்கம். நீங்கள் அந்தக் கையைப் பற்றிக் கதைக்கேக்க..." 

"இந்தப் படம் சரியா இருக்குன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னனான்."

"என் கட்டுரை... ஜூன் மாசம்... எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்னு விட்டிருப்பீங்க, இல்ல?"

"விட்டிருந்தா இண்டைக்குக் காட்டியிருப்பனோ?"

அவள் அச்சுப்படியை அள்ளிக்கொண்டாள். விடுவிடென்று படியேறி வெளியே போய்விட்டாள்.

கர்க்லாண்ட் வீட்டுச் சமையலறையில், ஃபிரிட்ஜ் கதவில் அம்மாவின் மளிகைச் சீட்டு ஒட்டியிருந்தது. தலையில் உ. கீழே என்னென்னவோ எழுத்து, அவளுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. அதைப் பார்த்தபடியே அம்ருதா அழுதாள்.

"என்னடி இது, மளிகைச் சீட்டைப் பாத்துட்டு அழற?" அம்மா பத்மா கரண்டியோடு திகைத்து நின்றாள்.

"ஏம்மா இந்தச் சுழியைப் போடற? ரவை, பருப்புக்குக்கூட?"

"எதை ஆரம்பிச்சாலும் நல்லபடியா முடியணும்னுதான். வேற என்ன?"

நல்லபடியா முடியணும்... பனியில், மணிக்கூண்டுக்குக் கீழே, முதல் கோட்டுக்கு முன்னால் அவன் அதைத்தான் எழுதியிருக்கிறான். திருப்பி அனுப்பிவிடாதே என்று. அவனிடம் போய்த் தன் கட்டுரையைப் பற்றியல்லவா பேசிவிட்டு வந்தாள்! அன்று சாப்பிடக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் பேராசிரியரிடம் போய்க் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். காரணம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். படிப்பு இடம் அந்த வருஷம் கிடையாது என்றார். போகட்டும். அவள் ஹோல்ம்பெக்குக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினாள். அம்மாவிடம் ஒரு தமிழ் அரிச்சுவடி கேட்டாள். அம்மா ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

ஜூன் மாதம், அதே ஹால், ஒரு சனிக்கிழமை இரண்டு மணி. 'முன்பு சொன்னதில் ஒரு திருத்தம்' என்று அறிவிப்பு. அதே நாற்பது பேரில் முப்பது பேர் வந்திருந்தார்கள், அந்தப் பாட்டி உட்பட. வேறு வழியில்லாமல் நகுலேஸ் புரொஜக்டர் அருகே நின்றான்.

"நான் ஹோல்ம்பெக்குக்குப் போனதில்லை" என்று தொடங்கினாள் அம்ருதா.  "பொய் சொன்னேன். உண்மை சொன்னவரைக் கேலி செய்தேன். இந்தக் குறியைத் தலைகீழாய்ப் புரிந்துகொண்டேன். இது பதின்மூன்றாம் நூற்றாண்டு இல்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறு. என் தாய்மொழியின் முதல் சுழி. என் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. எனக்குத் தெரியவில்லை."

யாரும் சிரிக்கவில்லை. அவள் ஒரு கடிதத்தைப் பிரித்தாள்.

"மணியடிப்பவர் எழுதியிருக்கிறார். 'அந்தக் கோடுகள் எங்களுக்கு முதலிலிருந்தே தெரியும். அவன் போன மறுநாள் என் மனைவி எண்ணிப் பார்த்தாள். அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்க விடுவதில்லை. கூட்டும் பையன் எப்படி இருக்கிறான்? அவன் கூட்டிய மாதிரி பிறகு ஒருவரும் கூட்டவில்லை.'"

பின்னால், இருட்டில், நகுலேஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளால் மேலே பேசியிருக்க முடியாது.

எல்லோரும் போன பின் நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தான். முகத்தை அவள் பக்கம் திருப்பவேயில்லை.

"இன்னும் ஒரு படம் பாக்கி இருக்கு" என்றாள் அம்ருதா. "போடறீங்களா?"

போட்டான். திரையில் செங்கல் இல்லை. வெறும் கண்ணாடித் தாளில் மையால் யாரோ கிறுக்கியிருந்தார்கள். கோணல் மாணலாக, முதல் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து. ஒரு எழுத்தும் விளங்கவில்லை.

அவன் உற்றுப் பார்த்தான். உதட்டோரம் மெல்லத் துடித்தது.

"இது... மாறிக் கிடக்கு."

"அப்படியா? எனக்குத்தான் எந்தப் பக்கமும் தெரியாதே. நீங்களே எடுத்துத் திருப்புங்க."

"தொடலாமோ?"

"தொடலாம்" என்றாள். காது மடல் வரை சிவந்திருந்தது.

அவன் படத்தை எடுத்து, ஓரத்தில் பிடித்து, திருப்பிப் போட்டான். தலையில் பெரிதாக ஒரு உ. கீழே ஒரே வரி.

'எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அந்தக் கையைத் தாங்க.'

"நாலு வாரம் ஆச்சு அதை எழுத" என்றாள் அவள் தரையைப் பார்த்தபடி. "தப்பு ஏதாவது இருக்கா?"

"இல்லை..." அவன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். "ஒண்டும் இல்லை. எனக்குத்தான் வெக்கமாக் கிடக்கு. தரை துடைக்கிறவன்..."

"எனக்கும்தான் வெட்கமா இருக்கு. பரவாயில்ல, குடுங்க."

நகுலேஸ் பைக்குள்ளிருந்து கையை எடுத்தான். அம்ருதா அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஒரு வருஷமாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டாள்.

"வலிச்சுதா?"

"ஓம்" என்றான் அவன்.